பென் ஸ்டேஷனிலிருந்து ஹெரால்ட் ஸ்கொயருக்கு இருந்த சுரங்க நடைபாதை ஏன் மூடிக் கிடக்கிறது?

கேள்வி இதுதான்: நியூயார்க்கில் பென் ஸ்டேஷனில் இறங்கி ஹெரால்ட் ஸ்கொயருக்குக் கொட்டும் மழையில் நடந்து போன ஒருவர், இரண்டையும் இணைத்துத் தரைக்கு அடியிலேயே ஒரு பாதை இருந்ததாமே, அதை ஏன் மூடினார்கள், மறுபடி திறப்பார்களா என்று கேட்கிறார். நியூஜெர்சியிலிருந்து ரயில் பிடித்து மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகும் நம்மவர்கள் நிறையப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்திருக்கிறேன். கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே வரிதான்: "அந்தக் காலத்தில் நியூயார்க்கில் குற்றம் அதிகம், அதனால் மூடிவிட்டார்கள்." அது பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை. ஏனென்றால் அதே காலத்தில், அதே நகரத்தில், அதே மாதிரி நீளமான வேறு சில பாதைகள் மூடப்படவில்லை, இன்றும் அவற்றில் கூட்டம் அலைமோதுகிறது.

முதலில் எந்தெந்தப் பாதைகள் என்று சொல்லிவிடுகிறேன், இரண்டு வேறு பாதைகளை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று கிழக்கு மேற்காகப் போவது. ஏழாம் அவென்யூவில் பென் ஸ்டேஷன் பக்கம் தொடங்கி, 33ஆம் தெருவின் தெற்கு ஓரத்துக்கு அடியில் சென்று, ஆறாம் அவென்யூவில் ஹெரால்ட் ஸ்கொயரில் போய்ச் சேரும். சுமார் 800 அடி. கிம்பெல்ஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடியை ஒட்டிப் போனதால் கிம்பெல்ஸ் பாதை என்றே பெயர். இன்னொன்று தெற்கு வடக்காக, ஆறாம் அவென்யூவுக்கு அடியில், ஹெரால்ட் ஸ்கொயரிலிருந்து 42ஆம் தெரு பிரையன்ட் பார்க் நிலையத்தின் பக்கம் போனது. எட்டுத் தெருத் தூரம், கிட்டத்தட்ட 600 மீட்டர். முதலாவது 1980களில் மூடப்பட்டது, இரண்டாவது 1991இல்.

இவை ஏன் கட்டப்பட்டன என்பதிலேயே பிரச்சினையின் வேர் இருக்கிறது. நியூயார்க் சப்வே, அதாவது நகரின் சுரங்க ரயில், ஆரம்பத்தில் ஒரே நிறுவனம் இல்லை. ஐஆர்டி, பிஎம்டி என்று இரண்டு தனியார் கம்பெனிகள், அப்புறம் 1932இலிருந்து நகராட்சியே நடத்திய ஐஎன்டி. மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டி. ஒருவர் நிலையத்தில் இறங்கி இன்னொருவர் நிலையத்துக்குப் போக வேண்டுமென்றால் வெளியே வந்து இன்னொரு 5 சென்ட் போட வேண்டும். 1940இல்தான் மூன்றையும் நகராட்சி ஒன்றாக்கியது. 1948இல் கட்டணத்தை 10 சென்ட்டாக உயர்த்தியபோது சில இடங்களில் இலவசமாக மாறிக்கொள்ள வழி செய்தார்கள். எல்லா இடத்திலும் செய்யவில்லை. ஆக, நிலையங்களுக்கு இடையிலான நடைபாதைகள் பல டர்ன்ஸ்டைலுக்கு, அதாவது கட்டணம் போட்டு நுழையும் சுழல் கதவுக்கு, வெளியே இருந்தன. டோக்கன் போடாமல் யார் வேண்டுமானாலும் நுழையலாம், நடக்கலாம், உட்காரலாம், படுக்கலாம். சுருக்கமாகச் சொன்னால் தெருதான், தரைக்குக் கீழே இருக்கும் தெரு.

ஆறாம் அவென்யூ பாதைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சாலைக்கு அடியில் ஓடும் ஐஎன்டி ரயில் தடத்தையே 1940 டிசம்பரில்தான் திறந்தார்கள். அதற்கு முன் அந்தச் சாலையின் மேலே இரும்புத் தூண்களில் ஓடிய மேம்பால ரயில் இருந்தது, அதை 1938இல் நிறுத்திவிட்டுப் பிரித்தார்கள். ஹெரால்ட் ஸ்கொயரில் தரைக்கு அடியில் ஏற்கனவே பெரிய நெரிசல்: பிஎம்டியின் பிராட்வே பாதை, நியூஜெர்சியிலிருந்து ஆற்றுக்கு அடியில் வரும் ஹட்சன் ரயில் (இன்றைய பாத் ரயில்), பென்சில்வேனியா ரயில்வேயின் சுரங்கங்கள், நகரத்தின் குடிநீர்ச் சுரங்கம். இவற்றுக்கு நடுவே புதுப் பாதையை நுழைத்தாக வேண்டும், அதற்காக 33ஆம் தெருவில் இருந்த ஹட்சன் ரயில் நிலையத்தையே மூடி, இடம் மாற்றி, 1939இல் திரும்பத் திறந்தார்கள். ஐஎன்டி கட்டிய விதமே சாலையை அகலமாகத் தோண்டி, அடியில் தண்டவாளம் போட்டு, மேலே மூடுவது. தண்டவாளத்துக்கும் சாலைக்கும் இடையே மிஞ்சும் உயரத்தில் நீளமான இடைத்தளம் கிடைக்கும். அந்தக் கால ஐஎன்டி நிலையங்களில் தேவைக்கு மேல் பெரிய இடைத்தளங்கள் இருப்பதற்கு இதுதான் காரணம். தோண்டியாகிவிட்டது, மண் போட்டு மூடுவதற்குப் பதில் மக்கள் நடக்கட்டும் என்று விட்டார்கள். அன்றைக்கு அது நல்ல யோசனைதான்.

கிம்பெல்ஸ் பாதையின் தர்க்கம் வேறு, அது வியாபாரம். பென் ஸ்டேஷன், கிம்பெல்ஸ் கடை இரண்டுமே 1910இல் திறந்தவை. பக்கத்திலேயே போட்டிக் கடையான மேசீஸ் 1902இலிருந்தே உட்கார்ந்திருக்கிறது. ரயிலில் வந்து இறங்கும் கூட்டம் மேசீஸ் வாசலுக்குப் போவதற்கு முன்னால் தன் வாசலுக்கு வர வேண்டும், அதுவும் மழை, பனி, வெயில் எதுவும் படாமல். கடையிலிருந்து நேராக நிலையத்துக்குள் திறக்கும் கதவுகளைப் பெரிய வசதியாகவே விளம்பரப்படுத்தினார்கள். அந்தக் கதவுகளாலேயே சாமான் திருட்டும் அங்கே அதிகம் என்று பிற்காலத்தில் சொல்வார்கள், எடுத்தவன் இரண்டு நிமிடத்தில் ரயிலேறிவிடலாம் அல்லவா! எப்படியோ, கடை நன்றாக நடந்த வரை பாதையும் நன்றாக இருந்தது.

பிறகு என்ன ஆனது? சப்வேயில் வருடத்துக்கு 200 கோடிக்கு மேல் பயணம் நடந்த காலம் 1940களின் நடுப்பகுதி. 1980களின் தொடக்கத்தில் அது 100 கோடி அளவுக்கு விழுந்துவிட்டது, பாதியாகக் குறைந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். நடுவில் 1975இல் நகரமே திவாலாகும் நிலைக்குப் போனது. பராமரிப்புக்குப் பணமில்லை, ஆளில்லை. ஆனால் பாதைகளின் நீளம் குறையவில்லை, விளக்குகளின் எண்ணிக்கை குறையவில்லை. ஒரு நடைமேடையில் கூட்டம் பாதியானால் கூட ரயில் வரும்போதெல்லாம் நாலு பேர் இருப்பார்கள். 600 மீட்டர் நடைபாதையில் கூட்டம் பாதியானால் அப்படி இல்லை, காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் போக மீதி நேரமெல்லாம் நீங்களும் உங்கள் காலடிச் சத்தமும் மட்டும்தான். நடுவில் வெளியேற வழி இல்லையென்றால் பாதி தூரம் போன பிறகு பயம் வந்தாலும் திரும்ப முடியாது. வீடில்லாதவர்கள் குளிருக்கு ஒதுங்கினார்கள், அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆனால் சுத்தம் செய்ய ஆள் வராத இடத்தில் அதன் விளைவு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிம்பெல்ஸ் 1986இல் கடையை மூடப் போவதாக அறிவித்து அத்தோடு முடிந்தது. பாதையைத் திறந்து வைப்பதில் லாபம் பார்த்த ஒரே ஆள் போய்விட்டார். ரயில் நிர்வாகத்துக்கு அது வருமானம் தராத சுமை, பக்கத்துக் கட்டட உரிமையாளர்களுக்கு அது தலைவலி. பாதுகாப்பு, சுகாதாரம் என்று காரணம் காட்டி அந்தக் காலகட்டத்திலேயே அடைத்தார்கள். பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லை. அந்தக் கட்டடம் 1989இல் ஒரு மாலாகத் திரும்பத் திறந்தது. அப்போதும் பாதையைத் திறக்கச் சொல்லி யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை.

ஆறாம் அவென்யூ பாதையின் முடிவு கொடூரமானது. 1991 மார்ச்சில், நெரிசல் நேரத்தில், அந்தப் பாதையில் குவிந்து கிடந்த கட்டடக் குப்பைக்குப் பின்னால் ஒரு பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். சில அடி தள்ளி மற்ற பயணிகள் ஒன்றும் தெரியாமல் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நகரம் ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்த சமயம். 1990இல் மட்டும் நியூயார்க்கில் 2,200க்கும் மேற்பட்ட கொலைகள், அவற்றில் 26 சப்வேக்குள் நடந்தவை. பாதை உடனே மூடப்பட்டது. அந்த மாதம் முடிவதற்குள் சப்வே முழுவதிலும் மிக ஆபத்தானவை என்று கருதப்பட்ட 15 இடங்களை அடைக்க உத்தரவு போட்டார்கள். இன்று நீங்கள் நிலையங்களில் பார்க்கும் பூட்டிய இரும்புக் கதவுகள், இடையில் திடீரென முடியும் தாழ்வாரங்கள், சுற்றிலும் பழைய ஓடு இருக்க நடுவில் மட்டும் வேறு நிறத்தில் கட்டிய சுவர்கள், இவற்றில் பல அந்த ஆண்டையோ அதை ஒட்டிய ஆண்டுகளையோ சேர்ந்தவை.

அந்தக் குப்பைக் குவியலை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. குற்றவாளி இருட்டைத் தேடிப் போகவில்லை. ஆள் நடமாட்டம் இருந்த நேரத்திலேயே மறைவிடம் கிடைத்தது, அதை அகற்ற வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதுதான் கேள்வி. போலீஸ் குறைவு என்று பேசியவர்கள் இருந்தார்கள், நியாயம்தான். ஆனால் குப்பையை அள்ள போலீஸ் தேவையில்லை.

சரி, இப்போது மூடப்படாத பாதைகளுக்கு வருவோம், என் வாதமே இங்குதான் இருக்கிறது. 14ஆம் தெருவில் ஆறாம் அவென்யூவுக்கும் ஏழாம் அவென்யூவுக்கும் நடுவே ஒரு நீண்ட தாழ்வாரம் இருக்கிறது. அழகில்லை, குறுகல், கோடையில் வேகும். 1978இல் அதை டர்ன்ஸ்டைலுக்கு உள்ளே கொண்டுவந்து, எல் ரயில், ஆறாம் அவென்யூ ரயில்கள், ஏழாம் அவென்யூ ரயில்கள் மூன்றுக்கும் நடுவே கூடுதல் கட்டணம் இல்லாமல் மாற வழி செய்தார்கள். டைம்ஸ் ஸ்கொயருக்கும் போர்ட் அத்தாரிட்டி பேருந்து நிலையத்துக்கும் நடுவே 41ஆம் தெருவுக்கு அடியில் போகும் சரிவான பாதையையும் அப்படித்தான், 1988இல் கட்டண எல்லைக்குள் சேர்த்தார்கள். இரண்டும் ஆறாம் அவென்யூ பாதை மாதிரியே அடைந்து கிடக்கும் தாழ்வாரங்கள்தான், அதே கெட்ட வருடங்களைத் தாண்டி வந்தவைதான். 1991இல் ஒரு பக்கம் 15 பாதைகளை அடைத்துக்கொண்டிருந்தார்கள், அதே வருடம் இந்த 41ஆம் தெருப் பாதையின் கூரை உத்தரங்களில் வேலைக்குப் போகும் அலுப்பைப் பற்றி ஒரு கேலிக் கவிதையை வரி வரியாக மாட்டினார்கள். இன்றும் இருக்கிறது, அண்ணாந்து பார்த்தால் படிக்கலாம்.

உள்ளே கொண்டுவந்தால் என்ன மாறுகிறது? இரண்டு விஷயம். ரயில் மாறுபவர்கள் எல்லோரும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும், ஆகவே நாள் முழுக்கக் கூட்டம் இருக்கும், நள்ளிரவில்கூட ஒவ்வொரு ரயிலுக்கும் பின்னால் ஒரு சின்ன அலை வரும். இரண்டாவது, அது யாருடைய இடம் என்பதில் சந்தேகமே இல்லாமல் போகிறது. விளக்கு எரியவில்லை என்றால் அது நிலையத்தின் விளக்கு. வெளியே இருக்கும் பாதையில் இந்த ஓடு ரயில் நிர்வாகத்துடையதா, கடைக்காரருடையதா, மேலே இருக்கும் ஹோட்டலுடையதா என்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதே பல்பு உடைந்துவிடும்.

வெளியே இருந்தும் பிழைத்தவை உண்டா என்றால் உண்டு, அவற்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். ராக்கஃபெல்லர் சென்டருக்கு அடியில் போகும் கடைத் தாழ்வாரம் ஆறாம் அவென்யூ நிலையத்தோடு சேர்கிறது, எப்போதும் பளபளவென்று இருக்கும். காரணம், அதைத் துடைப்பவர் அந்தக் கட்டட வளாகத்தின் உரிமையாளர், கடை வாடகை அவருக்கு வருகிறது. கொலம்பஸ் சர்க்கிளில் எட்டாம் அவென்யூவுக்கு அடியில் அதிகம் பயன்படாமல் கிடந்த ஒரு பாதையை 2016இல் சின்னச் சின்னக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளுமாக மாற்றி டர்ன்ஸ்டைல் என்றே பெயர் வைத்தார்கள். ரயில் நிர்வாகம் அதை ஒரு தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது. இந்த மாதிரி ஏற்பாட்டில் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது, கடை ஓடாவிட்டால் கிம்பெல்ஸ் கதைதான் திரும்பும். ஆனால் பூட்டிய கதவை விட மேல்.

இனி திறப்பார்களா என்பது. ஆறாம் அவென்யூ பாதையைப் பொறுத்தவரை, நேர்மையாகச் சொன்னால், நான் எதிர்பார்க்கவில்லை. அதில் நடந்து போகும் தூரத்தை ஒரே ஒரு நிறுத்தம் ரயிலில் கடந்துவிடலாம். பி, டி, எஃப், எம் என்ற நான்கு ரயில்களும் இரண்டு நிலையங்களிலும் நிற்கின்றன. இலவசமாக 600 மீட்டர் நடப்பவர்களுக்காக விளக்கு, காற்றோட்டம், கேமரா, தீயணைப்பு ஏற்பாடு, அவசர வெளியேறும் வழிகள் எல்லாம் இன்றைய விதிகளின்படி புதிதாகச் செய்ய வேண்டும். 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் வேறு இருக்கிறது, பெரிதாக மாற்றிக் கட்டும் இடத்தில் சக்கர நாற்காலிக்கு வழி இல்லாமல் திறக்க முடியாது, நியூயார்க்கில் ஒரு நிலையத்துக்கு லிஃப்ட் வைப்பதே கோடிக்கணக்கான டாலர் வேலை. தண்ணீரையும் மறக்கக் கூடாது. மழையே பெய்யாத நாளில்கூட சப்வேயிலிருந்து சுமார் 1.3 கோடி காலன் தண்ணீரை இறைக்கிறார்கள் என்று நிர்வாகமே சொல்லும் கணக்கு. பல பத்தாண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் பாதையில் ஓடு, கூரை, மின்கம்பி எல்லாம் எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கிம்பெல்ஸ் பாதைக்கு வாய்ப்பு ஒரு முறை நெருங்கி வந்தது. ஏழாம் அவென்யூவில் ஹோட்டல் பென்சில்வேனியா இருந்த இடத்தில் வொர்னாடோ என்ற ரியல் எஸ்டேட் நிறுவனம் 1,200 அடிக்கு மேல் உயரமான கோபுரம் கட்டத் திட்டமிட்டது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உரிமையாளர்கள் தங்கள் கட்டடம் வானத்தில் தெரியாமல் போகும் என்று சண்டை போட்டார்கள், இருந்தும் 2010 ஆகஸ்டில் நகர சபை அனுமதி கொடுத்தது. விதிகளுக்கு மேல் கூடுதல் மாடிகள் கட்டிக்கொள்ள அனுமதி கேட்பவர், பதிலுக்குப் பக்கத்து நிலையத்தைச் சொந்தச் செலவில் மேம்படுத்தித் தர வேண்டும் என்பது நியூயார்க்கில் வழக்கமான பேரம். கிம்பெல்ஸ் பாதையை அகலப்படுத்தித் திறப்பது அந்தப் பேரத்தில் ஒரு முக்கியமான வாக்குறுதி. இதே மாதிரிப் பேரத்தில்தான் கிராண்ட் சென்ட்ரல் பக்கத்தில் எழுந்த ஒன் வாண்டர்பில்ட் கோபுரம், 2020இல் திறந்தது, சுமார் 22 கோடி டாலருக்கு நிலைய வேலைகளைச் செய்து கொடுத்தது. ஆகவே இது வெற்றுப் பேச்சு இல்லை, நடக்கக்கூடியதுதான். ஆனால் கோபுரம் வந்தால்தான் பாதை வரும். இந்தக் கோபுரம் வரவில்லை. ஹோட்டலை 2023 வாக்கில் முழுவதும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், அதற்குள் அலுவலகக் கட்டடங்களுக்குக் கிராக்கி குறைந்துவிட்டது, இடம் காலியாகக் கிடந்தது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் நடக்க வேண்டிய பாதையின் தலைவிதியை அலுவலக வாடகைச் சந்தையோடு கட்டிப் போட்டது சரியான முறை என்று எனக்குத் தோன்றவில்லை.

புதிதாகத் திறந்த பாதையே இல்லையா என்றால், 42ஆம் தெருவில் இருக்கிறது. 2021 செப்டம்பரில் டைம்ஸ் ஸ்கொயரில் ஷட்டில் (இரண்டு நிலையங்களுக்கு நடுவே மட்டும் போய்வரும் ரயில்) நிலையத்தைப் புதுப்பித்தபோது அதன் நடைமேடையிலிருந்து பிரையன்ட் பார்க் நிலையத்துக்கு அகலமான இணைப்பைக் கட்டணக் கதவுக்கு உள்ளேயே கொடுத்தார்கள், சுவர் முழுக்க நிக் கேவ் என்ற கலைஞரின் வண்ண மொசைக். டர்ன்ஸ்டைலுக்கு உள்ளே என்பதைக் கவனியுங்கள்.

இந்த இணைப்பால் உங்கள் மழைப் பிரச்சினைக்கும் ஒரு வழி உண்டு. சப்வேயில் ஏறத்தான் போகிறீர்கள் என்றால் பென் ஸ்டேஷனில் 1, 2, 3 எதிலாவது ஏறி ஒரு பெரிய நிறுத்தம், டைம்ஸ் ஸ்கொயரில் இறங்குங்கள். அங்கிருந்து என், க்யூ, ஆர் ரயில்களில் ஒரு நிறுத்தம் தெற்கே வந்தால் ஹெரால்ட் ஸ்கொயர். பி, டி, எஃப், எம் வேண்டுமென்றால் ஷட்டில் பக்கமாக நடந்து பிரையன்ட் பார்க்கில் ஏறிக்கொள்ளலாம். ஒரே கட்டணம், குடை வேண்டாம். சுற்று வழிதான், நேரமும் பிடிக்கும், மழை இல்லாத நாளில் 33ஆம் தெருவில் ஐந்தாறு நிமிடம் நடப்பதே புத்திசாலித்தனம்.

சப்வேயில் பென் ஸ்டேஷனுக்கு வந்து இப்படி நடந்தால் ஒரு தொல்லை, ஹெரால்ட் ஸ்கொயரில் மறுபடி கட்டணம் போட வேண்டும். என்னைக் கேட்டால், சுரங்கத்தைத் திறக்கச் சொல்வதைவிட இதைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்பது எளிது. டோக்கன் காலத்தில் இது முடியாது, டோக்கனுக்கு நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று தெரியாது. மெட்ரோகார்டு என்ற கட்டண அட்டை வந்ததும் அது சாத்தியமானது. லெக்ஸிங்டன் அவென்யூ 63ஆம் தெரு நிலையத்தில் வெளியே வந்து, தெருவில் நடந்து, 59ஆம் தெரு நிலையத்தில் இலவசமாக நுழையலாம், ரொம்ப வருடமாக இருக்கும் ஏற்பாடு. புரூக்ளினில் ஜூனியஸ் தெரு, லிவோனியா அவென்யூ நிலையங்களுக்கு நடுவே 2019இல் எல் ரயில் பழுதுபார்ப்புக்காகத் தற்காலிகமாகக் கொடுத்ததைப் பிறகு நிரந்தரமாக்கினார்கள். இப்போது ஓம்னி என்ற கட்டண முறையில் வங்கி அட்டையையோ ஃபோனையோ தட்டிவிட்டுப் போகிறோம், கணினியில் ஒரு விதி சேர்த்தால் போதும். பென் ஸ்டேஷனிலேயே ஏழாம் அவென்யூ ரயிலுக்கும் எட்டாம் அவென்யூ ரயிலுக்கும் நடுவே கூட இலவச மாற்றம் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. பொதுக் கூட்டங்களில் பேச வாய்ப்புக் கிடைப்பவர்கள் இந்த மூன்று நிலையங்களையும் சேர்த்தே கேளுங்கள்.